மழை தொடங்கியதும் முரண்டு பிடித்த லெப்டொப்

கடையை விட்டு விலகி இரண்டு வருஷமாகிறது. ஆனாலும் வாரத்துக்கு ஒரு தடவையாவது ருவான்வெல்லை பஸாரிலிருந்து போன் வந்துவிடும். நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த ரிப்பேர் கடையை இப்போது நடத்துகிற இரண்டு பேர்தான். "அண்ணே, ஒரு லெப்டொப் ஸ்டார்ட் ஆக அரை மணி நேரம் எடுக்குது. ஃபோமேட் அடிச்சிரட்டுமா?" என்பார்கள். "கொண்டுவந்த ஆள் பக்கத்துல இருக்காரா?" என்று கேட்பேன். "ஆள் வரல அண்ணே, கொரியர்ல அனுப்பியிருக்காரு" என்று பதில் வரும்.

எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வரும். போன மாதம் வாய் தவறி நாலு வார்த்தை கூடவே பேசிவிட்டேன். அவர்கள் கோபப்படவில்லை. "அப்ப எப்படிப் பாக்கணும்னு எழுதிக் குடுங்களேன் அண்ணே" என்று சிரித்தார்கள். சரி, எழுதுகிறேன். என் கெட்டித்தனத்தை எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். முட்டாள்தனம் என்றால் தாராளமாக இருக்கிறது, அதையே எழுதுகிறேன்.

நான் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலை. எனக்குப் படிப்பு ஏறவில்லை, ஆனால் வீட்டு ரேடியோவைக் கழற்றிப் போடுவதில் மட்டும் கை ஏறியது. திருப்பிப் பூட்டத் தெரியாமல் அடி வாங்கியதும் உண்டு. அந்த உடைந்த ரேடியோவைத் தூக்கிக்கொண்டு பஸாருக்கு வந்தவன்தான் அந்தக் கடையிலேயே ஒட்டிக்கொண்டேன். ரேடியோ, கெசட், டீவி, பிறகு கம்ப்யூட்டர், கடைசியில் லெப்டொப் என்று சாமான்கள் மாறின. நான் உட்கார்ந்த ஸ்டூல் மாறவில்லை.

கடை முதலாளி சோமபால மாத்தயா. மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, பையில் ஒரு ஸ்குரூ டிரைவர், அதற்குப் பக்கத்தில் பேனா. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. என்னை "மல்லி" என்பார், தம்பி என்ற அர்த்தத்தில். எங்களுக்குள் சிங்களம்தான். தோட்டத்து ஆட்கள் வந்தால் மட்டும் தனக்குத் தெரிந்த தமிழை எடுத்து வைப்பார். "வாங்க, இருங்க, தேத்தண்ணி குடிங்க" என்ற மூன்றையும் அவர் சொல்லும் மரியாதைக்கே ஆட்கள் திரும்பி வருவார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. யார் என்ன மெசினைக் கொண்டுவந்தாலும் முதலில் அதைத் தொட மாட்டார். கொண்டுவந்தவரையே மேசை முன்னால் உட்கார வைப்பார். "வீட்ல எப்படிப் போடுறீங்களோ அப்படியே போடுங்க" என்பார். அவர்கள் சுவிட்ச் போட்டதும் அவர் பிளேன்டி, அதாவது பால் விடாத தேத்தண்ணி, ஊற்றப் போய்விடுவார். கித்துள் கருப்பட்டித் துண்டு ஒன்றும் கூடவே வரும். லெப்டொப் திறப்பதற்குள் எத்தனை பிளேன்டி முடிகிறது என்பதுதான் அவருடைய அளவு. ஜொப் கார்டில் "ஒன்றரை பிளேன்டி" என்று எழுதுவார். நான் சிரிப்பேன். "சிரிக்காதே மல்லி. நிமிஷம் சொன்னால் எல்லோரும் கூட்டித்தான் சொல்வார்கள்" என்பார்.

பிறகுதான் வேலை. நேரம் எங்கே போகிறது என்று மூன்று துண்டாகப் பிரிக்கச் சொல்வார். சுவிட்ச் போட்டதிலிருந்து முதல் படம் வரும்வரை ஒன்று. அங்கிருந்து பாஸ்வேர்ட் கேட்கும்வரை இரண்டு. பாஸ்வேர்ட் போட்ட பிறகு வேலை செய்ய விடும்வரை மூன்று. மூன்றாவது துண்டு மட்டும் இழுத்தால், மெசின் எழும்பும்போதே கூட எழும்பும் சாமான்களின் பட்டியலைப் பார்க்கவேண்டும். நடுத் துண்டு இழுத்தால் டிஸ்க்கைச் சோதிக்கவேண்டும், அதில் இடம் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். முதல் துண்டே இழுத்தால் உள்ளே இருக்கும் மென்பொருளைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. ஃபோமேட் என்பது எல்லாம் பார்த்து முடித்து, இருப்பதையெல்லாம் வேறு இடத்தில் எடுத்து வைத்த பிறகு, கடைசிக்கும் கடைசியாக.

இந்த முறையில் எத்தனையோ மெசின் எழும்பியிருக்கிறது. ரம்புக்கனை ஸ்டேஷன் பக்கத்தில் டைப் அடித்துக் கொடுக்கும் கடைக்காரர் ஒருவர் வந்தார், மூன்று பிளேன்டி கேஸ். அவருடைய மருமகன்மார் மூன்று பேர், ஆளுக்கொரு வைரஸ் காவல் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒன்று மற்றொன்றைத் திருடன் என்று பிடித்துச் சோதித்துக்கொண்டிருந்தது. இரண்டை எடுத்தேன், அரைப் பிளேன்டியில் எழும்பியது. "எந்த மருமகனுடையதை விட்டு வச்சீங்க? சொல்லாதீங்க, வீட்ல சண்டை வரும்" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். கலவானைப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒருவருடைய லெப்டொப் தினமும் காலையில் ஒரு பிரிண்டரைத் தேடிக்கொண்டு நின்றது. அந்தப் பிரிண்டரை அவர் மச்சானுக்குக் கொடுத்து ஒரு வருஷமாகியிருந்தது.

இப்படி நாலு கேஸ் சுலபமாக முடிந்தால் மனுஷனுக்குத் தலை கனக்கும். எனக்கும் கனத்தது.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், மழை பிடித்திருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம். மாத்தயா ஒரு வெளியூர்க் கலியாணத்துக்குப் போயிருந்தார். மேல் தோட்டத்திலிருந்து சுகந்தி என்ற பிள்ளை லெப்டொப்போடு வந்தது. இருபத்தைந்து வயது இருக்கும். கனடாவில் இருக்கிற பிள்ளைகளுக்கு இன்டர்நெட்டில் தமிழ் சொல்லிக் கொடுக்கிற வேலை. நமக்கு விடிய ஐந்தரை, அவர்களுக்கு இரவுச் சாப்பாடு முடிந்த நேரம்.

"மழ தொடங்குனதிலிருந்து இப்படித்தான் அண்ணே. அரை மணி நேரமாகியும் எழும்ப மாட்டேங்குது. ஒருக்கா லேட்டாகிட்டேன். மாசத்துல மூணு தடவ லேட்டுன்னா கிளாஸ எடுத்து வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"கொஞ்சம் வெள்ளன போட்டு வைக்கிறதுதானே?"

"அப்பா வேல முடிஞ்சு அஞ்சு மணிக்குத்தான் கொண்டு வருவாரு. எங்க லயத்துக் காம்பரால கூரைத் தகரம் ஒழுகுது, அதான் ராவுல அவருகிட்ட குடுத்து வைக்கிறது."

எங்கே வைப்பார் என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. எழுதும்போது இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

பிள்ளையை உட்கார வைத்துச் சுவிட்ச் போடச் சொன்னேன். பிளேன்டி பாதி குடிப்பதற்குள் லெப்டொப் சொன்னபடி எழும்பி நின்றது. அணைத்தோம், மறுபடி போட்டோம். மறுபடியும் எழும்பியது. பல் வைத்தியரைக் கண்டதும் பல்வலி நிற்பதுபோல. டிஸ்க்கைச் சோதித்தேன், குறையில்லை. பட்டியலைப் பார்த்தேன், கூட எழும்பும் சாமான் ஒன்றும் இல்லை. கீழ் மூடியைக் கழற்றினேன். விசிறியில் மண்ணிறத்தில் பசை மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது.

"அடுப்புக்கிட்ட வைக்கிறீங்களா?"

"அடுப்படிப் பக்கமே கொண்டு போறதில்ல அண்ணே."

நான் நம்பவில்லை. லயத்தில் பிறந்தவனுக்கு விறகடுப்புப் புகை தெரியாதா என்று ஒரு மிதப்பு. பசையைத் துடைத்தேன், விசிறி நன்றாகச் சுழன்றது. வீட்டில் முதல் படம் வருவதற்கே காலம் போகிறது என்று சுகந்தி சொன்னது காதில் விழுந்தது. அப்படியென்றால் மென்பொருளில் தப்பில்லை என்பது புரிந்தது. மழை தொடங்கியதிலிருந்து என்றால் வேறென்ன, ஈரம்தான் என்று முடிவு கட்டினேன்.

"ஈரம் பிடிச்சிருக்கு தங்கச்சி. இரவுல நல்லா உலர்ந்த, சூடான எடமாப் பாத்து வைக்கச் சொல்லுங்க அப்பாக்கிட்ட."

பெரிய டொக்டர் மாதிரிச் சொல்லி அனுப்பினேன். ஜொப் கார்டில் "ஈரம்" என்று எழுதிக் கோடும் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை கடை திறக்கும்போது சுகந்தி வாசலில் நின்றது. கண் சிவந்திருந்தது.

"நீங்க சொன்னபடிதான் செஞ்சோம் அண்ணே. முந்தி அரை மணி நேரம், இன்னைக்கு முக்கா மணி நேரம். ரெண்டாவது லேட்டும் விழுந்திருச்சு. இன்னும் ஒண்ணுன்னா அவ்வளவுதான். எங்க தோட்டத்து டிவிஷன்ல இப்படி ஒரு வேல கெடைச்சது நான் ஒருத்திதான். அம்மா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கு."

லெப்டொப்பை மேசையில் வைத்தோம். பாதிப் பிளேன்டியில் எழும்பியது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதை எடுத்து ஆற்றில் எறிந்திருப்பேன். பிள்ளை முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாதபோது ஒரு மெக்கானிக் சொல்வதையே நானும் சொன்னேன்.

"ஃபோமேட் அடிச்சிரலாம்."

பின்னால் ஸ்குரூ டிரைவரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. மாத்தயா கலியாணத்திலிருந்து வந்துவிட்டிருந்தார். ஜொப் கார்டைப் படித்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"இங்கே செய்யாத சேட்டையை வீட்டில் செய்கிறது. அப்படியென்றால் வீட்டில் போய்த்தானே பார்க்கவேண்டும், மல்லி?" என்றார் சிங்களத்தில். பிறகு சுகந்தியிடம் தன் தமிழில், "நாளைக்கி காலையில நாங்க வாறது. நீங்க ஒண்ணும் மாத்த வேணாம். எல்லாம் தினம் செய்யிற மாதிரி" என்றார்.

கடையில் இருந்த வேறு லெப்டொப் ஒன்றைக் கொடுக்கலாமே என்று நான் கேட்டேன். பதிந்து கொடுத்த மெசினில் மட்டும்தான் அந்த வகுப்பைத் திறக்க முடியும் என்று சுகந்தி சொன்னது. ஆகவே மறுநாள் விடிய அந்த ஒரு மெசினை நம்பித்தான் எல்லாம் நின்றது.

நாலு மணிக்கு மாத்தயாவின் ஸ்கூட்டரில் புறப்பட்டோம். மழை சாய்த்து அடித்தது. அவர் ரெயின்கோட்டும் அதற்குள் அதே வெள்ளைச் சட்டையும். நான் பின்னால் டூல்ஸ் பெட்டியை வயிற்றில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஏற்றத்தில் ஸ்கூட்டர் இரண்டு தடவை நின்றது, இறங்கித் தள்ளினேன். என் வாயால் வந்த வினை, நான்தானே தள்ளவேண்டும்.

லயத்துக்குப் போகும்போது ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. சுகந்தியின் அம்மா பால் வெட்டுக்குப் போக முடியாத மழையைத் திட்டிக்கொண்டே எங்களுக்குத் தேத்தண்ணி தந்தது. சுகந்தி தலை சீவி, நல்ல சாரி கட்டி, மேசை முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தது. பின்னால் சுவரில் தமிழ் எழுத்து அட்டை. எல்லாம் இருந்தது, லெப்டொப்தான் இல்லை.

ஐந்து தாண்டியதும் அப்பா ராமையா வந்தார். தலையில் சாக்கு, இடுப்பில் ஈர வேட்டி. நெஞ்சோடு அணைத்த பொட்டலத்தில் மட்டும் ஒரு சொட்டு மழை படவில்லை. பொலித்தீன், அதற்குள் சாக்கு, அதற்குள் பழைய பனியன், அதற்குள் லெப்டொப். பிறந்த பிள்ளையை எடுப்பதுபோல எடுத்து மேசையில் வைத்தார். சுகந்தி சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனது. முதல் படம் எப்போது வருகிறது என்று பார்க்க நான் லெப்டொப்பை என் பக்கம் கொஞ்சம் திருப்பினேன்.

கையை வெடுக்கென்று எடுத்தேன். சுட்டது. இன்னும் சுவிட்சே போடவில்லை.

"தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். மாத்தயா புறங்கையை வைத்துப் பார்த்தார். குனிந்து மோந்தார். எனக்கும் மணந்தது. அது அடுப்புப் புகையில்லை. என் அப்பா, அம்மா தோட்டத்தில், நான் சின்ன வயதிலிருந்து அறிந்த, ரப்பர் ஷீட் காயும் புகை. விசிறியில் ஒட்டியிருந்த பசையும் அதுதான்.

"அண்ணே, இத எங்க வச்சிருந்தீங்க?" என்றேன் ராமையாவிடம்.

"நம்ம ஸ்மோக் ஹவுஸ்லதான் தம்பி, ஷீட்டுக்குப் புகை போடுற எடம். நான்தானே அங்க ராத்திரி நெருப்பு பாக்குறேன். மழக்காலத்துல இந்தத் தோட்டத்துலயே ஈரம் இல்லாத எடம் அதுதான். டிவிஷன்ல எல்லாருடைய பொறப்பு சர்டிபிகட்டும், கலியாணச் சீலையும் அங்க என்கிட்டத்தான் இருக்கு. ஒண்ணுல பூஞ்சணம் பிடிச்சதுன்னு யாரும் சொல்ல முடியாது."

"உள்ளுக்கா வச்சீங்க?"

"முந்தி வெளி அறையில, தட்டுலதான். நீங்க சூடான எடத்துல வைக்கணும்னு சொல்லி அனுப்பினீங்கன்னு புள்ள சொல்லுச்சு. அதான் மூணு நாலு நாளா உள்ளுக்கே, ஷீட்டு தொங்குற கம்புக்குப் பக்கத்துல."

தரை பிளந்தால் இறங்கியிருப்பேன். சூடு ஏறிய மெசின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஓட்டத்தைக் குறைத்து ஊர்ந்துதான் போகும். அதுவும் விடிய விடிய அவிந்து கிடந்த மெசின். கடைக்கு வரும்போது பஸ்ஸில் ஆறி வந்துவிடும், ஓடும். காய்ச்சலில் கிடந்த பிள்ளையை இன்னும் நன்றாகப் போர்த்தச் சொன்ன வைத்தியன் நான்.

நேரம் ஐந்து பத்து. வகுப்புக்கு இருபது நிமிஷம்.

மாத்தயா ஸ்குரூ டிரைவரை என் கையில் வைத்தார். பத்து ஸ்குரூவை அவ்வளவு வேகமாக நான் வாழ்நாளில் கழற்றியதில்லை. கீழ் மூடி வந்தது, பட்டரியைக் கழற்றினேன். மழைச் சாரல் படாமல் கதவுக்கு உட்பக்கம் அம்மிக்கல் குளிர்ந்து கிடந்தது. அதன்மேல் துணி விரித்து மெசினைக் கவிழ்த்து வைத்தோம். அம்மா சொளகை எடுத்து விசிறத் தொடங்கியது. அரிசி புடைத்த கை, தாளம் தப்பவில்லை. பக்கத்துக் காம்பராப் பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாடி இது, கம்பியூட்டருக்குப் புடைக்கிறீங்க?" என்று சிரித்தார்கள். சிரித்தபடியே ஒருத்தி தன் சொளகையும் எடுத்து வந்தாள். மாத்தயா நிமிஷத்துக்கு ஒரு தடவை புறங்கையை வைத்துப் பார்த்து, "இன்னும்" என்றார். "இன்னும்" என்றார். ஐந்து இருபத்துமூன்றுக்கு, "ஹரி, போடு" என்றார், சரி என்பதைச் சிங்களத்தில்.

பட்டரியையும் மூடியையும் மட்டும் மாட்டினேன். ஸ்குரூ எல்லாம் என் சட்டைப்பையில். சுகந்தி சுவிட்ச் போட்டது. முதல் படம் வந்தது. பாஸ்வேர்ட் கேட்டது. ஐந்து இருபத்தெட்டுக்கு வகுப்பு திறந்தது.

"குட் ஈவினிங் மிஸ்!" என்று பத்துப் பன்னிரண்டு குரல் ஒன்றாகக் கத்தியது. அந்த விடியற்காலையில், அந்தக் காம்பராவில். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அம்மா சொளகோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது.

ராமையா மட்டும் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப... நான்தானா தம்பி புள்ளையோட வேலைக்கு உலை வச்சது?"

"நீங்க இல்ல அண்ணே. வச்சது நான். நீங்க கண்ணு மாதிரித்தான் பாத்தீங்க. ஒரு கேள்வி கேட்டிருந்தா சனிக்கெழமையே முடிஞ்சிருக்கும். கேக்காம வாய்க்கு வந்ததச் சொல்லி அனுப்பினவன் நான்."

அவர் தலையாட்டினார். ஆனால் முகம் தெளியவில்லை. மாத்தயா அவர் தோளில் கையை வைத்து, "வீட்ல அரிசி டின்னுக்கு மேல வைங்க, பொலித்தீன்ல சுத்தி. அது போதும்" என்றார். அதற்கும் தலையாட்டினார். ராத்திரி முழுக்க நெருப்பருகில் இருந்த மனுஷன், நெஞ்சில் கட்டிக் கொண்டுவந்த பொட்டலத்தின் பனியனை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார்.

உள்ளே சுகந்தி மழை, குடை, சேறு என்று சொற்களைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். திடீரென்று ஒரு சிறுமியின் குரல்.

"மிஸ், பின்னுக்கு நிக்கிற தாத்தா யாரு?"

ராமையா பதறி, கமராவில் படாமல் சுவரோரம் ஒதுங்கப் பார்த்தார். உடம்பில் கரி, சட்டைப் பொத்தான் பாதி திறந்து கிடந்தது. சுகந்தி திரும்பி அவரைப் பார்த்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது போல.

"எங்க அப்பா. இந்த லெப்டொப் நனையாம தினமும் மழையில கொண்டு வந்து தாறவரு. அவர் இல்லன்னா நமக்குக் கிளாஸே இல்ல. அப்பா, இப்படி வாங்க."

ராமையா பனியனால் முகத்தைத் துடைத்தார். சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு மகளின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கனடாவிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகளும் ஒன்றாக, "வணக்கம் தாத்தா!" என்றார்கள்.

அவர் இரண்டு கையையும் கூப்பி, "வணக்கமுங்க, நல்லாப் படிங்க" என்றார்.